ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன்

பிஸ்கே விரிகுடாவின் சூரை மீனவரும் அவர்தம் சங்கங்களும்

சூரை மீன் தமிழ்நாட்டாருக்குப் புதியதன்று. தூத்துக்குடியிலும் குமரிக் கரையிலும் அது வலையிலும் தூண்டிலிலும் அகப்படுகிறது. மாலத்தீவிலிருந்தும் மினிக்காய்த் தீவிலிருந்தும் வரும் மாசிக் கருவாடு, அவித்துப் புகையூட்டி வெயிலில் உலர்த்திய சூரையேயாகும். ஆயினும் இக்கட்டுரையில் நாம் கூறவிருப்பது வேறொரு சூரையைப் பற்றி. நம் கரையோரக் கடலில் அரிதாகவே தென்படும் இவ்வினம், கோடை தோறும் ஐரோப்பாவின் மேற்குக் கரைக்கு அப்பால் குளிர்ந்த கடலில் மேற்பரப்புக்கு வந்து மேய்கிறது. ஸ்பெயின் தேசத்து வடகரை மீனவர் இதனை 'வடக்கத்திச் சூரை' என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். அக்கரையில் வாழும் பாஸ்க் மக்கள் தம் மொழியில் 'ஹெகலுசே' என்பர். 'நீண்ட சிறகுடையது' என்பது அதன் பொருள். மீனின் பக்கத் துடுப்புகள் உடலின் பாதி நீளத்தை எட்டும் அளவுக்கு நீண்டு வளைந்திருப்பதைக் கண்டவர்கள் இப்பெயரின் பொருத்தத்தை உணர்வார்கள்.

நெசவாளருக்கும் குடியானவருக்குமான இந்தப் பத்திரிகையில் மீன் பிடிக்கும் தொழிலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒவ்வொரு மீனையும் ஒவ்வொரு தூண்டிலால் பிடிக்கும் மெதுவான முறையைக் கைக்கொண்ட மீனவர்கள், ஒரே இரவில் கிலோமீட்டர்க் கணக்கில் வலை விரிக்கும் படகுகளோடு அதே கடலில் அதே மீனுக்காகப் போட்டியிட நேர்ந்தது. கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் உள்ள வழக்கை அறிந்த நம்மவர்க்கு அந்தப் போட்டியின் கடுமையை விளக்கவேண்டியதில்லை. அந்த மீனவர்கள் எப்படித் தாக்குப் பிடித்தார்கள், அதில் அவர்கள் சங்கத்தின் பங்கு எவ்வளவு என்பதே இங்கு ஆராயத்தக்க விஷயம்.

முதலில் மீனின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். இந்தச் சூரை அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேற்குப் பகுதியில், வெப்பமான நீரில் முட்டையிட்டுப் பிறக்கிறது. பிறந்த ஓராண்டு முதல் நான்காண்டு வரையுள்ள இளமீன்கள், வசந்தகாலம் முடியும் தறுவாயில் கிழக்கும் வடக்குமாகத் திரும்பி, அசோர்ஸ் தீவுகளின் பக்கமாகப் பிஸ்கே விரிகுடாவை நோக்கி வருகின்றன. கடலின் மேல்நீர் 16 முதல் 18 பாகை வெப்பநிலையை எட்டும் எல்லையைத் தொடர்ந்து இவை முன்னேறும். நம் கடல்நீர் ஆண்டின் பெரும்பகுதியில் 27, 28 பாகைக்குக் குறையாது என்பதை நினைவிற் கொண்டால், அந்நீரின் குளிர்ச்சி விளங்கும். இக்குளிர்நீரை நாடி மீன் ஏன் இத்தனை ஆயிரம் மைல் பிரயாணம் செய்யவேண்டும்? இரைக்காகத்தான். வெப்பக் கடலின் நீலநீர் பார்வைக்கு அழகானது. ஆனால் உணவு குறைந்தது. குளிர்ந்த நீரில் அடியிலிருந்து சத்து மேலெழுவதால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ண நெத்திலியும் பிற சிறு மீன்களும் கூடுகின்றன. அவற்றை உண்ணச் சூரை வருகிறது. நீலநீரும் பசுமை கலந்த நீரும் சந்திக்கும் கோட்டை மீனவர்கள் கண்ணால் கண்டறிவார்கள். கடற்பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டு விழுவதும் அடையாளம். இந்நாளில் செயற்கைக்கோள் அனுப்பும் வெப்பநிலைப் படங்களும் உதவுகின்றன.

மீன்கள் பெரும்பாலும் குளிர்ந்த குருதி உடையவை. சூரைக் குலம் அதற்கு விலக்கு. தசைகள் உழைப்பதால் உண்டாகும் சூட்டை வெளியே போகவிடாமல் காக்கும் பொருட்டு, அதன் உடலுக்குள் குருதி நாளங்கள் ஊடும் பாவும் போல் நெருங்கிப் பின்னிக் கிடக்கின்றன. வெளியே செல்லும் சூடான குருதி, உள்ளே வரும் குளிர்ந்த குருதிக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுச் செல்கிறது. உடற்கூற்று நூலார் இந்தப் பின்னலை 'அதிசய வலை' என்றே பெயரிட்டிருக்கின்றனர். இதனால் சுற்றியுள்ள நீரைவிடச் சில பாகை வெப்பமான உடலோடு குளிர்கடலில் வேகமாக நீந்தி இரை பிடிக்க அதற்கு இயலுகிறது. இன்னொரு இயல்பும் உண்டு. செவுள்களின் வழியே நீரைத் தானே இறைத்துக்கொள்ளும் திறம் இதற்கு இல்லை. வாயைத் திறந்தபடி ஓயாமல் முன்னோக்கி நீந்தினால்தான் மூச்சு. நின்றால் இறந்துபோகும். இந்த இயல்பை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். வலையைப் பற்றிக் கூறும்போது மீண்டும் இதற்கு வருவோம்.

வடகரையில் இம்மீனைப் பிடிக்க இரண்டு முறைகள் உள்ளன. பழமையானது இழுதூண்டில். படகின் இருபுறமும் நீண்ட கழிகளை இறக்கைபோல் விரித்து, அவற்றிலிருந்தும் படகின் பின்புறத்திலிருந்தும் வெவ்வேறு நீளமுள்ள பத்துப் பதினைந்து கயிறுகளை விட்டு, மணிக்கு ஆறு ஏழு கடல்மைல் வேகத்தில் படகைச் செலுத்துவர். ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் தூண்டிலும், அதனை மூடிய பொய்யிரையும் இருக்கும். முற்காலத்தில் இப்பொய்யிரையை மக்காச்சோளக் கதிரின் மேல்தோகையைக் கீறித் தொங்கலாகக் கட்டிச் செய்தார்கள். நீரில் இழுபடும்போது தோகை நெளிந்து சிறுமீன்போல் தோன்றும். சூரை பாய்ந்து கவ்வும். கொல்லையில் விளைந்த தோகை கடலில் நூறு மைலுக்கு அப்பால் மீன் பிடிக்க உதவியது என்பது குடியானவருக்குச் சுவையான செய்தியாகும். இன்று பெரும்பாலும் வண்ண ரப்பரும் நெகிழிப் பொருளும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. காலிசியா நாட்டுப் புரேலாத் துறைமுகத்துப் படகுகள் இன்னும் இழுதூண்டில் முறையையே பெரிதும் கையாளுகின்றன.

மற்றது உயிரிரை முறை. இது ஜப்பானிய மீனவர்களால் கலிபோர்னியாவில் பரவி, அங்கிருந்து 1940களின் இறுதியில் பிரான்சு தேசத்துப் பாஸ்க் துறைமுகமாகிய சேன்ழான்-து-லூசுக்கு வந்து, பின்னர் எல்லை கடந்து ஸ்பெயினின் பாஸ்க் துறைமுகங்களிலும் நிலைபெற்றது. முதலில் சிறு கண்ணியுள்ள சுருக்குவலையால் நெத்திலி, சாளை முதலிய சிறுமீன்களை உயிரோடு பிடித்துப் படகிலுள்ள தொட்டிகளில் விடுவர். கடல்நீரை இடையறாது இறைத்து ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் அவை பிழைக்கும். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் ஒருவர் அச்சிறுமீன்களைக் கைப்பிடியாக அள்ளி வீசுவார். படகின் விளிம்பிலுள்ள குழாய்களிலிருந்து நீர் மழைபோல் தெளிக்கப்படும். இதனால் மேல்நீர் கலங்கிக் கொந்தளிக்க, இரைக்கூட்டம் துள்ளுவதாக எண்ணிச் சூரைகள் வெறிகொண்டு மேலெழும். படகின் நிழலும் மனிதரின் உருவமும் அவற்றுக்குத் தெரியா. விளிம்பில் வரிசையாக நிற்கும் மீனவர்கள் கழித்தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தளத்தில் போடுவர். நான்கு முதல் பத்துக் கிலோ எடையுள்ள மீனைக் கழியின் நுனியில் தூக்கி எறிவதற்கு வலிமையோடு பழக்கமும் வேண்டும். சில சமயம் அரைமணியில் கூட்டம் போய்விடும். சில சமயம் நாள் முழுதும் தேடியும் ஒரு மீனும் கண்ணிற்படாது.

மினிக்காயிலும் மாலத்தீவிலும் உள்ளவர்கள் பல தலைமுறைகளாகவே இவ்வாறு உயிரிரை வீசிக் கழித்தூண்டிலால் சூரை பிடித்து வருகின்றனர் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பாஸ்க் மீனவர் இதனைப் புதுமையென்று வியந்த காலத்தில், நம் அண்டைத் தீவினருக்கு இது பாட்டன் சொத்தாக இருந்தது.

பாஸ்க் படகுகள் 25 முதல் 35 மீட்டர் நீளமுள்ளவை. பன்னிரண்டு பதினைந்து பேர் ஒரு படகில் செல்வர். ஜூன் மாதத்தில் மீன் இன்னும் தொலைவில், அசோர்ஸ் தீவுகளின் திசையில் இருக்கையில் பலநூறு மைல் சென்று எதிர்கொள்வர். கோடை முதிர முதிர மீனும் கரையை நெருங்கும். செப்டம்பர், அக்டோபரில் பருவம் முடியும். இதே படகுகள் மார்ச்சு மாதத்தில் அயிலை வகையையும், ஏப்ரல் முதல் நெத்திலியையும் பிடிக்கின்றன. குடியானவனுக்குக் குறுவை, சம்பா, உளுந்து என்று வரிசை இருப்பதுபோல் இவர்களுக்கும் பருவ வரிசை உண்டு. ஒன்று பொய்த்தால் மற்றொன்றின்மேல் பாரம் ஏறும். 2005 முதல் 2010 வரையுள்ள காலத்தின் பெரும்பகுதியில் பிஸ்கே நெத்திலி அருகிப்போனதால் அதனைப் பிடிப்பது தடை செய்யப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் சூரைப் பருவமே பல குடும்பங்களுக்கு ஆதாரமாயிற்று. மீன் பிடிப்போருக்குக் கடலில் சமைக்கும் உணவும் இதே மீன்தான். உருளைக்கிழங்கும் மிளகாயும் சூரைத் துண்டங்களும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் கொதிக்கவைக்கும் 'மர்மிதாகோ' என்னும் குழம்பு படகில் பிறந்து, இப்போது ஊர்த் திருவிழாக்களில் போட்டி வைத்துச் சமைக்கும் பெருமையை அடைந்திருக்கிறது.

1912

அந்தக் கடலை எளியதென்று எவரும் எண்ணிவிடக்கூடாது. தென்காற்று அடித்து வெப்பமாக இருக்கும் கோடை நாளில், சில நிமிடங்களுக்குள் காற்று வடமேற்காகத் திரும்பிப் பேய்போல் வீசும். வெப்பம் சட்டென்று இறங்கும். கடல் மலைபோல் எழும்பும். இதனை 'கலேர்னா' என்பர். 1912ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் இரவு, சூரைப் பருவத்தில் கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்த பாய்மரப் படகுகளை இவ்விதமான புயல் சூழ்ந்துகொண்டது. 143 மீனவர்கள் மாண்டார்கள். அவர்களில் 116 பேர் பெர்மியோ என்னும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். ஒரு கடற்கரைப் பட்டினத்தில் ஓரிரவில் 116 வீடுகளின் விளக்கு அணைவதென்றால் அது எத்தகைய துயரம்! பாய்களை மட்டும் நம்பிக் கடலுக்குச் செல்வதற்கு அந்தப் புயல் முடிவு கட்டத் தொடங்கியது; நீராவி இயந்திரமும், பின்னர் எண்ணெய் இயந்திரமும் பரவலாயின.

புயலின் அபாயத்தை எதிர்நோக்கி இம்மக்கள் நெடுங்காலத்துக்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். கடலுக்குப் போவதா வேண்டாவா என்பதைத் தனித்தனிப் படகுக்காரர் தம் விருப்பப்படி முடிவு செய்யலாகாது. சங்கத்தால் அமர்த்தப்பட்ட வானிலை நோக்குவோர் விடியலுக்கு முன்பே குன்றின்மீதேறி வானத்தையும் கடலையும் பார்த்து முடிவு சொல்வர். ஐயம் நேர்ந்தால் படகுத் தலைவர்களைக் கூட்டி வாக்கெடுப்பு நடக்கும். பெரும்பான்மையோர் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். போகலாம் என்று முடிவானால் அழைப்புப் பெண்கள் தெருத்தெருவாகச் சென்று குரல் கொடுத்து மீனவரை எழுப்புவார்கள். துணிச்சல்காரன் ஒருவன் தனியே சென்று மீன் கொண்டுவந்து லாபம் அடைந்தால், மறுநாள் மற்றவரும் அபாயத்தைப் பாராமல் போட்டியிட்டுச் செல்வர் அல்லவா? அதைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு. கூட்டுறவு என்ற சொல் வழங்காத காலத்துக் கூட்டுறவு இதுவென்றே நமக்குப் படுகிறது.

கொப்ராதியா

இந்தச் சங்கங்களுக்குக் 'கொப்ராதியா' என்று பெயர். புனித பேதுருவின் பெயரால் தொடங்கப்பெற்ற மத சகோதரத்துவக் கழகங்களாக அவை பதினான்காம் நூற்றாண்டிலேயே பெர்மியோ முதலிய துறைமுகங்களில் இருந்தன. விதவைகளுக்கும் நோயுற்றோருக்கும் உதவுதல், இறந்தவரை அடக்கம் செய்தல் ஆகியவற்றோடு மீன் விற்பனையை ஒழுங்குபடுத்துவதும் அவற்றின் கடமையாக இருந்தது. இன்று அவை சட்டப்படி பொதுநிறுவன உரிமை பெற்றுள்ளன.

நம் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கொப்ராதியாவில் படகு உடையவரும் அங்கத்தினர். படகில் கூலி மீனவராகச் செல்பவரும் அங்கத்தினர். நிர்வாகக் குழுவில் இருதரத்தாருக்கும் சம எண்ணிக்கையில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நெசவுத் தொழிலுக்கு ஒப்பிட்டுச் சொன்னால், தறி உடையவரும் அத்தறியில் கூலிக்கு நெய்பவரும் ஒரே சங்கத்தில் சமமாக உட்காருவதைப் போன்றது இது. சொத்துடையவனும் சொத்தில்லாதவனும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பூசல் வராதா என்று கேட்கலாம். வருகிறது. ஆயினும் இருவர் வருமானமும் மீன் விலையைப் பொறுத்திருப்பதால், விலையைக் காப்பதில் இருவரும் ஒன்றுபட வேண்டியிருக்கிறது. ஏனெனில் இங்கே மாதச் சம்பளம் என்பது பெரும்பாலும் கிடையாது, பங்கு முறைதான். பயணம் முடிந்து மீன் விற்றதும், எண்ணெய், பனிக்கட்டி, உணவு ஆகிய பொதுச் செலவுகளை முதலில் கழிப்பர். மிகுதியில் ஏறத்தாழப் பாதி படகுக்கும், மற்றப் பாதி ஆட்களுக்கும் போகும். ஆட்களின் பாதியைப் பங்குகளாகப் பிரித்துத் தலைவர், இயந்திரக்காரர், சமையற்காரர், மற்றோர் எனக் கொடுப்பர். விகிதம் ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். கடலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் எவருக்கும் ஒன்றுமில்லை என்பது இம்முறையின் கொடுமை. ஒருவன் உழைப்பில் மற்றொருவன் மட்டும் செழிக்க இடமில்லை என்பது இதன் நன்மை.

விற்பனை கொப்ராதியாவின் ஏலக்கூடத்தில் நடைபெறுகிறது. நம் பருத்தி ஏலத்திலும் வெல்ல ஏலத்திலும் விலை கீழிருந்து மேலே ஏறும். அங்கே மேலிருந்து கீழே இறங்குகிறது. உயர்ந்த விலையொன்றில் தொடங்கி எண் குறைந்துகொண்டே வர, எந்த வியாபாரி முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்கு அந்தக் குவியல் சொந்தம். மீன் கெடும் பொருள். நூறு குவியல்களை ஒருமணிக்குள் விற்றாக வேண்டும். ஏறும் ஏலத்துக்கு அவகாசமில்லை. அன்றியும், மற்றவன் என்ன கேட்பான் என்று பார்த்துக்கொண்டு பின்னால் நிற்கும் தந்திரம் இதில் செல்லாது. காத்திருந்தவன் வெறுங்கையோடு போகவேண்டியதுதான். வியாபாரிகள் தமக்குள் முன்கூட்டிப் பேசிக்கொண்டால் எந்த ஏலமும் பயன்படாது என்பது வேறு விஷயம். அது உலகெங்கும் உள்ள வியாதி. விற்ற தொகையைச் சங்கமே வசூலித்து, தன் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு படகின் கணக்கில் வரவு வைக்கிறது. பனிக்கட்டி, எண்ணெய், கிடங்கு முதலிய வசதிகளையும் பல சங்கங்கள் நடத்துகின்றன. கரையிலே பெண்கள் அமர்ந்து வலை செப்பனிடுவதை இத்துறைமுகங்களில் இன்றும் காணலாம். கண்ணி கண்ணியாக முடிச்சிட்டுக் கிழிசலை மூடும் அவ்வேலை நம் தறிக்காரருக்கு மிகவும் அறிமுகமானதாகத் தோன்றும். தகர டப்பாவிலும் கண்ணாடிச் சாடியிலும் அடைக்கும் தொழிலும் பெண்களின் கையிலேயே இருக்கிறது: உப்புநீரில் வேகவைத்த மீனின் தோலையும் முள்ளையும் கையால் நீக்கி, வெள்ளைச் சதையைத் துண்டு துண்டாக அடுக்கி, ஆலிவ் எண்ணெய் ஊற்றி மூடுகின்றனர்.

வலை வந்தது

1980களின் பிற்பகுதியில் இந்த ஒழுங்கினுள் ஒரு புதிய சக்தி புகுந்தது. பிரெஞ்சு மீனவர்கள் சிலர் சூரைக்கு மிதவை வலை விரிக்கத் தொடங்கினர். பின்னர் அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளின் படகுகளும் சேர்ந்தன. மெல்லிய நைலான் வலை, மேலே மிதவையும் கீழே கனமும் கட்டப்பட்டு, இரவில் திரைச்சீலைபோல் கடலில் தொங்கும். பல கிலோமீட்டர் நீளம். இருளில் மீனுக்கு அது தெரியாது. முட்டிச் செவுளில் மாட்டிக்கொள்ளும். நின்றால் மூச்சில்லை என்று முன்பு சொன்னோமே, அந்தச் சூரை வலையில் சிக்கிய சிறிது நேரத்தில் இறந்து, வலை இழுக்கும்வரை மணிக்கணக்காக நீரில் கிடக்கும். சதை கன்றி, இழையின் தழும்பு உடலில் பதிந்திருக்கும். தூண்டிலில் வந்த மீனோ உயிரோடு தளத்தில் விழுந்து, உடனே பனிக்கட்டியில் வைக்கப்படுகிறது. தரத்தில் இரண்டும் ஒன்றாகா. ஆனால் சந்தையில் குவியும்போது மலிவான மீன் நல்ல மீனின் விலையையும் கீழே இழுத்துவிடுகிறது. விசைத்தறியில் ஓடிய சேலையைக் கைத்தறி என்று விற்கும்போது நெசவாளிக்கு நேர்வதும் இதுவே. அன்றியும் வலைக்குச் சூரை, சுறா, ஓங்கில் என்ற வேற்றுமை தெரியாது. மூச்சுக்காக மேலே வரவேண்டிய ஓங்கில்கள் அதில் சிக்கி மடிந்தன.

பிற சமுத்திரங்களில் பன்மடங்கு நீளமான வலைகள் செய்த அழிவைக் கண்டு, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989இலும் 1991இலும் தீர்மானங்கள் இயற்றி, 1992 முடிவுக்குள் பெரிய மிதவை வலைகளை ஆழ்கடலில் நிறுத்தவேண்டுமென்றது. ஐரோப்பிய சமூகம் 1992இல் வலையின் நீளம் 2.5 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது என்று விதித்தது; சூரை பிடித்துவந்த சில பிரெஞ்சுப் படகுகளுக்கு மட்டும் 1993 முடியும்வரை 5 கிலோமீட்டர் வரை சலுகை கொடுத்தது. விதி காகிதத்தில் இருந்தது. நடுக்கடலில், இரவில், வலையின் நீளத்தை யார் அளப்பது?

1994 ஜூலையில் பொறுமை உடைந்தது. ஸ்பெயினின் நூற்றுக்கணக்கான தூண்டிற் படகுகள் கடலில் திரண்டு வலைப்படகுகளைச் சூழ்ந்தன. வலைகள் அறுக்கப்பட்டன. ஒரு பிரெஞ்சுப் படகைப் பிடித்துத் தங்கள் துறைமுகத்துக்கே இழுத்துச் சென்று, அதன் வலை விதிக்கு மேற்பட்டது என்று உலகுக்குக் காட்டினர். எல்லைத் துறைமுகங்களின் வாயில்களைப் படகுகளால் அடைத்தனர். இரு நாட்டுக் கப்பற்படைகளும் இடையிற் புகவேண்டியதாயிற்று. பத்திரிகைகள் இதனைச் 'சூரைப் போர்' என்று எழுதின. சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றவன் படகை இழுத்துச் செல்வதை நாம் சரியென்று சொல்லமாட்டோம். வலைப்படகில் இருந்தவனும் பிள்ளைகுட்டி உள்ள மீனவனே. ஆயினும் விதியை வைத்தவர்களே அதனைக் காவாதபோது, விதியின்படி நடந்தவன் என்ன செய்வான் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் இயலவில்லை.

போரைவிட அதன் பின்னர் நடந்த வேலைதான் பயன் தந்தது என்பது நம் கருத்து. கொப்ராதியாக்களும் அவற்றின் கூட்டமைப்புகளும் ஆண்டுக்கணக்காக மனுக்கள், தூதுக்குழுக்கள், விஞ்ஞானிகளின் அறிக்கைகள் என்று ஓயாமல் முயன்றன. ஓங்கில்களைக் காக்க முனைந்த சங்கங்களும் அவர்களோடு சேர்ந்து குரல் கொடுத்தன. 1998 ஜூன் மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மந்திரிசபை, சூரை முதலியவற்றுக்கு மிதவை வலை பயன்படுத்துவதை அறவே தடை செய்து, 2002 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வருமென்று முடிவு செய்தது. தனிப்பட்ட படகுக்காரன் ஒருவன் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்கு எத்தனை கடிதம் எழுதியிருந்தாலும் இது கைகூடியிராது.

நம் நாட்டில் 1985இல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் இயற்றியதையும், அச்சட்டம் ஏட்டில் எவ்வளவு, நடப்பில் எவ்வளவு என்பதையும் வாசகர்கள் தாமே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

தடை ஒன்றினாலேயே தூண்டில் மீனுக்கு விலை கிடைத்துவிடாது. வாங்குபவருக்கு எது தூண்டில் மீன் என்று தெரியவேண்டும். பாஸ்க் நாட்டில் 'யூஸ்கோ லேபல்' என்னும் தர முத்திரை, தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரைக்கே வழங்கப்படுகிறது. 2016இல் இவ்விரு தூண்டில் முறைகளாலும் நடைபெறும் மீன்பிடிப்பு, கடல்வளத்தைக் கெடுக்காதது என்னும் சர்வதேச நற்சான்றையும் பெற்றது. அதற்கு மனுச் செய்து, செலவேற்று, கணக்குக் காட்டியவை மீனவர்களின் உற்பத்தியாளர் சங்கங்களே. நம் கைத்தறி முத்திரை 2006இல் ஏற்பட்டது. அதன் நோக்கமும் இதுதான். முத்திரை ஒட்டுவது எளிது. முத்திரையைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை உண்டாக்குவதே அரிது.

மீன் வளம் என்னவாயிற்று என்பதையும் கூறவேண்டும். அட்லாண்டிக் சூரைகளைக் காக்கும் சர்வதேச ஆணைக்குழு, வடக்கத்திச் சூரை குறைந்துவிட்டதென்று கண்டு 2009இல் ஒரு மீட்புத் திட்டம் வகுத்தது. ஆண்டுக்கு எல்லா நாடுகளும் சேர்ந்து பிடிக்கத்தக்க அளவு 2010 முதல் 28,000 டன் என்றிருந்தது. 2017இல் அவ்வாணைக்குழு ஒரு நல்ல முறையை மேற்கொண்டது: மீன் இருப்பு எவ்வளவு என்று கணக்கிட்டால், பிடிக்கத்தக்க அளவு எவ்வளவு என்பது முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சூத்திரத்தின்படி தானே வந்துவிடும், ஆண்டுதோறும் நாடுகள் உட்கார்ந்து பேரம் பேச இடமில்லை. அதன்படி 2018இல் 33,600 டன்னாகவும், 2021இல் 37,801 டன்னாகவும், 2024இல் 47,251 டன்னாகவும் அளவு உயர்ந்தது. வளம் மீண்டதற்கு இது சான்று. கடலில் மீன் பெருகியதற்குத் தூண்டில் முறை மட்டுமே காரணம் என்று கூறுவது மிகையாகும். அளவுக் கட்டுப்பாடும், இயற்கையின் அருளும் சேர்ந்தே இதனைச் செய்தன.

ஆனால் வழக்கு முடிந்துவிடவில்லை. மிதவை வலை தடைப்பட்டபின் பிரெஞ்சு, ஐரிஷ் படகுகள் பல, இரண்டு படகுகளாகச் சேர்ந்து நடுநீரில் பெரிய மடிவலையை இழுக்கும் முறைக்குத் திரும்பின. அது சட்டப்படி செல்லும். அவர்களுக்குரிய ஒதுக்கீட்டை அவர்கள் பிடிக்கிறார்கள். தூண்டிற்காரர் அதனை எதிர்த்து இன்றும் குறை கூறிவருகின்றனர். மற்றொரு பக்கம், மீன் நன்றாகக் கிடைக்கும் ஆண்டுகளில் ஸ்பெயினின் ஒதுக்கீடு பருவம் முடியுமுன்னரே தீர்ந்துபோய், மீன் கண்ணெதிரே துள்ளும்போதே படகுகள் துறையில் கட்டப்பட வேண்டியிருந்ததும் உண்டு. அந்த நாள்களில் ஏலக்கூடத்தில் நடக்கும் விவாதம், ஒவ்வொரு படகுக்கும் இவ்வளவென்று முன்னரே பங்கிடுவதா, அல்லது முந்தியவர் பிடித்துக்கொள்ள விடுவதா என்பது பற்றியது.

படகில் ஏறும் ஆட்களும் மாறிவிட்டனர். ஊர்ப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்து கடலில் கிடக்கும் வாழ்க்கையை விரும்புவோர் குறைவு. பெர்மியோவிலும் ஒந்தாரோவாவிலும் இப்போது கழித்தூண்டில் பிடிப்பவர்களில் பலர் ஆப்பிரிக்காவின் செனகல் தேசத்திலிருந்து வந்தவர்கள். அவர்களிற் பலர் தம் நாட்டிலும் மீனவராக இருந்தவர்களே. ஜூன் பிறந்ததும் அவர்கள் தொட்டிகளில் நீர் ஓடச் செய்து, நெத்திலி தேடி, மேற்கு நோக்கிப் புறப்படுகின்றனர்.